நிரந்தரப் பணி குற்றமல்ல

ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியர்களைப் பற்றி ஒரு தீர்ப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. கொழுத்த சம்பளம் வாங்குகிறார்கள். வேலை செய்யாவிட்டாலும் யாரும் நீக்க முடியாது. நாட்டுக்கு இத்தனை பேர் என்று பங்கு பிரித்து ஆள் எடுப்பதால் திறமைக்கு அங்கே இடமில்லை. ஒருவரை நீக்கினால் தீர்ப்பாயத்துக்குப் போய் நஷ்டஈட்டோடு திரும்பி வருகிறார். நிதியமைச்சர்கள் இதைச் சொல்கிறார்கள், நாளிதழ்த் தலையங்கங்கள் சொல்கின்றன. மேலாண்மைப் படிப்பில் சர்வதேச நிறுவனங்களின் மனிதவள மேலாண்மை என்ற தாளை முதல்முறையாகத் தொடும் மாணவரும் பருவத் தேர்வில் இதைத்தான் எழுதுகிறார். அவருக்குக் கொடுக்கப்படும் பாடம் பெரும்பாலும் பன்னாட்டுக் கம்பெனிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. கம்பெனிக்குப் பொருந்தியது ஜெனீவாவுக்கும் நியூயார்க்குக்கும் பொருந்தும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

மருந்தும் அதே கடையிலிருந்துதான் வருகிறது. ஒப்பந்தக் காலத்தைக் குறை, மேலாளருக்கு அதிகாரத்தைக் கூட்டு, தேவைப்படும்போது ஆள் எடு, தேவை தீர்ந்ததும் அனுப்பு. பணத் தட்டுப்பாட்டில் தவித்த ஐ.நா., 2025 மார்ச்சில் ‘ஐ.நா. 80’ என்ற சீரமைப்புத் திட்டத்தை அறிவித்த பிறகு இந்தக் குரல் இன்னும் ஓங்கிவிட்டது. சீர்திருத்தம் என்றாலே ஆட்குறைப்பு, ஆட்குறைப்பு என்றாலே முன்னேற்றம் என்று ஆகிவிட்டது.

இந்தப் பார்வை தவறானது. சில விவரங்களில் மட்டும் பிசகியிருந்தால் திருத்திவிட்டுப் போகலாம். அடிப்படையிலேயே பிசகியிருக்கிறது.

ஒரு கம்பெனியில் முதலாளியின் நலனும் நிறுவனத்தின் நலனும் பெரும்பாலும் ஒரே திசையில் போகும். ஐ.நா.வுக்கு 193 முதலாளிகள். ஒருவர் மீது ஒருவர் படையெடுத்தவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், சொந்த மக்களைக் கொன்றவர்களும் இருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் கடமையே, பல நேரங்களில், இந்த முதலாளிகளில் ஒருவருக்குப் பிடிக்காத உண்மையை எழுதுவது. அகதிகள் எத்தனை பேர், தொற்று எங்கிருந்து பரவியது, அணு உலையில் என்ன நடக்கிறது, எந்தப் படை எந்த மருத்துவமனை மீது குண்டு போட்டது என்பதையெல்லாம் கணக்கெடுத்து எழுத வேண்டியவர் அவர். அந்த மனிதரின் வேலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டாக வேண்டும் என்றால், அது கூட்டுறவுச் சங்கத்தின் தணிக்கையாளரை அந்தச் சங்கத்தில் கடன் பாக்கி வைத்திருப்பவர்களே வருடா வருடம் நியமிப்பதற்கு ஒப்பானது.

இதை முதலில் உணர்ந்தவர்கள் கோட்பாட்டாளர்கள் அல்லர், நிர்வாகிகள். 1919இல் சர்வதேச சங்கத்தின் முதல் பொதுச் செயலாளராக நியமிக்கப்பட்ட பிரிட்டிஷ் அதிகாரி எரிக் டிரமண்ட் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒவ்வொரு நாடும் தன் ஆட்களை அனுப்பி, தன் செலவில் வைத்து, தன் கட்டளைப்படி நடத்தும் கூட்டுச் செயலகம் ஒன்று. எந்த நாட்டிலிருந்து வந்தாலும் சங்கத்துக்கு மட்டுமே விசுவாசமாக இருக்கும் ஊழியர்களைக் கொண்ட தனிச் செயலகம் இன்னொன்று. டிரமண்ட் இரண்டாவதைத் தேர்ந்தார். அன்றைய ராஜதந்திர உலகில் அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. 1945இல் ஐ.நா. சாசனத்தை எழுதியவர்கள் அந்தத் தேர்வைச் சட்டமாகவே ஆக்கினார்கள். சாசனத்தின் 100ஆம் பிரிவின்படி ஊழியர் எந்த அரசிடமிருந்தும் கட்டளை கேட்கக் கூடாது, பெறவும் கூடாது. அதே பிரிவு உறுப்பு நாடுகளையும் கட்டுகிறது. ஊழியர்கள் மீது எந்த அரசும் செல்வாக்குச் செலுத்த முயலக் கூடாது. கடமை இருபுறமும் இருக்கிறது என்பதைப் பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. விமர்சகர்கள் அந்த ஒரு வரியையும் விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கடமையை முதலில் மீறியது, ஐ.நா.வுக்குத் தன் மண்ணில் இடம் கொடுத்த நாடுதான். 1952 இலையுதிர் காலத்தில் அமெரிக்க செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு, ஐ.நா.வில் பணிபுரிந்த அமெரிக்கக் குடிமக்களை நியூயார்க்கில் வரிசையாக அழைத்து, நீ கம்யூனிஸ்டா என்று கேட்டது. தங்கள் அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் கொடுத்த உரிமையைக் காட்டிப் பலர் பதில் சொல்ல மறுத்தார்கள். பொதுச் செயலாளர் டிரிக்வே லீ அவர்களை வேலையிலிருந்து நீக்கினார். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் ஐ.நா. கட்டடத்துக்குள்ளேயே இருந்து ஊழியர்களை விசாரிக்கவும் அவர் இடம் கொடுத்தார். ஐ.நா.வின் தலைமைச் சட்ட ஆலோசகர் ஏபிரகாம் ஃபெல்லர் அந்த நவம்பரில் தன் குடியிருப்பின் ஜன்னலிலிருந்து விழுந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் ஜனாதிபதி ட்ரூமன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஐ.நா.வில் வேலை செய்யும் ஒவ்வொரு அமெரிக்கரும் தேசவிசுவாசச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றது அது.

நீக்கப்பட்டவர்கள் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 1953இல் அவர்களில் பதினொரு பேருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அந்த நஷ்டஈட்டைக் கொடுக்க மறுக்கலாமா என்று பொதுச்சபையில் அமெரிக்கா கிளப்பிய கேள்வி ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போனது. மறுக்க முடியாது என்று 1954 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது. ஐ.நா. தன் ஊழியருக்கு நீதி வழங்க ஒரு நீதிமன்றத்தை உருவாக்கினால் அதன் தீர்ப்புக்கு ஐ.நா.வும் கட்டுப்பட்டது என்பது அதன் சாரம். லீக்குப் பின் வந்த டாக் ஹாமர்ஷோல்ட் புலனாய்வுத் துறையினரைக் கட்டடத்தை விட்டு வெளியேற்றினார்.

இன்று தீர்ப்பாயங்களைத் தடைக்கல் என்று பேசுபவர்களிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அந்தப் பதினொரு பேர் வேறு எங்கே போயிருக்க முடியும்? ஐ.நா. சட்டப் பாதுகாப்புப் பெற்ற அமைப்பு. எந்த நாட்டின் தொழிலாளர் நீதிமன்றத்திலும் அதன்மீது வழக்குப் போட முடியாது. உள்ளே இருக்கும் தீர்ப்பாயமும் இல்லையென்றால் உலகிலேயே எந்தத் தொழிலாளர் சட்டமும் எட்டாத ஊழியர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

அதே காலத்தில் பாரிஸில் நடந்தது அதிகம் அறியப்படாதது, ஆனால் நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராக லூதர் எவான்ஸ் என்ற அமெரிக்கர் இருந்தார். விசுவாசச் சோதனைக் குழுவின் முன் வர மறுத்த அமெரிக்க ஊழியர்கள் சிலரை அவர் வெளிப்படையாக நீக்கவில்லை. அவர்கள் காலவரை ஒப்பந்தத்தில் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்காமல் விட்டார். குற்றச்சாட்டு, விசாரணை எதுவும் தேவைப்படவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிர்வாகத் தீர்ப்பாயம் 1955இல் இதை ஏற்க மறுத்தது. புதுப்பிக்கும் அதிகாரம் மேலாளருக்கு உண்டு, ஆனால் அதை இப்படி ஒரு காரணத்துக்காகப் பயன்படுத்த முடியாது என்றது. அந்த வழக்கைத் தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது சரிதான் என்று 1956இல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. நெகிழ்வான ஒப்பந்தம் என்று இன்று நமக்கு விற்கப்படும் பொருள் அரசியல் கையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ட்ரூமனின் ஆணை அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சொல்ல 1986 வரை ஆனது.

குறுகிய ஒப்பந்தம் ஏதோ புத்தம் புதிய மேலாண்மைச் சிந்தனை என்று நினைப்பவர்கள் அதன் பழைய ஆதரவாளரையும் தெரிந்துகொள்ள வேண்டும். அதை மிக உறுதியாகக் கேட்டது சோவியத் ஒன்றியம். தன் குடிமக்கள் ஐ.நா.வில் நிரந்தரப் பணியில் சேர்வதை மாஸ்கோ விரும்பவில்லை. சில ஆண்டுகளுக்கு என்று அனுப்பி, பிறகு திருப்பி அழைத்துக்கொண்டது. நடுநிலை நாடுகள் இருக்கலாம், நடுநிலை மனிதர் இருக்க முடியாது என்பது குருஷேவின் வாதம். 1960இல் அவர் பொதுச் செயலாளர் பதவியையே மூன்றாகப் பிரித்து மூன்று அணிகளிடம் கொடுக்கச் சொன்னார். 1961 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய உரையில் ஹாமர்ஷோல்ட் அதற்குப் பதில் சொன்னார். ஊழியர்களில் ஒரு பகுதி குறுகிய காலத்துக்கு வந்துபோகலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் அமைப்பின் முதுகெலும்பு எந்த அரசையும் சாராத நிரந்தர ஊழியர்களாகவே இருக்க வேண்டும் என்பதில் அவர் அசையவில்லை. அடுத்த செப்டம்பரில் என்டோலா அருகே விமானம் விழுந்து அவர் இறந்தார். அவருக்குப் பின் வந்த ஊ தாண்டின் அலுவலகத் தலைவராக இருந்தவர் மதராஸ் மாகாணத்து ஐ.சி.எஸ். அதிகாரி சி.வி. நரசிம்மன். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐ.நா.வில் பாடியதில் அவருக்கு இருந்த பங்கை நாம் நினைவு வைத்திருக்கிறோம். ஹாமர்ஷோல்ட் கட்டிக்காத்த மரபு அந்தக் கொந்தளிப்பில் உடையாமல் கைமாறியதில் அவருக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்து நினைவு வைத்திருக்கலாம்.

மாஸ்கோவின் முறை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு 1983இல் ஒரு சாட்சி கிடைத்தது. நியூயார்க்கில் பணியாற்றிய சோவியத் அதிகாரி ஒருவர் அமெரிக்காவில் அரசியல் தஞ்சம் கேட்டார். அவர் வேலையை மேலதிகாரிகள் பாராட்டியிருந்தார்கள். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்றும் பரிந்துரைத்திருந்தார்கள். ஆனால் அவர் மாஸ்கோ அனுப்பிய ஒப்பந்தக்காரர். அந்த டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போய் 1987இல் முடிந்தது. அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. திறமையை அளந்து பார்த்தவர்கள் ஒன்று சொன்னார்கள், ஒப்பந்தத் தாள் வேறொன்று சொன்னது. தாள்தான் வென்றது. குறுகிய ஒப்பந்தம் திறமைக்கு வழிவிடும் என்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படிக்கட்டும்.

இதெல்லாம் பனிப்போர்க் காலத்துக் கதை, முடிந்துபோனது என்று சொல்பவர்களிடம் நான் இலங்கையின் வன்னியைப் பற்றிப் பேச வேண்டும்.

2008 செப்டம்பரில், இனிப் பாதுகாப்புக்கு உறுதி தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னதும், ஐ.நா. தன் சர்வதேச ஊழியர்களைக் கிளிநொச்சியிலிருந்து வெளியேற்றியது. போக வேண்டாம் என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். அதே ஐ.நா.வுக்கு வேலை பார்த்த உள்ளூர்த் தமிழ் ஊழியர்களும் அவர்களது குடும்பங்களும் வெளியேற விடுதலைப் புலிகள் அனுமதி கொடுக்கவில்லை. அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். ஒரே அமைப்பு, ஒரே நீலச் சின்னம், இரண்டு வகை ஊழியர். ஒரு வகைக்கு வெளியேற்றத் திட்டம் இருந்தது, இன்னொரு வகைக்கு இல்லை. மனிதவள மேலாண்மைப் பாடத்தில் சர்வதேச ஊழியர், உள்ளூர் ஊழியர் என்று இரண்டு கட்டம் போட்டு, இருவருக்கும் சம்பளம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது என்று விளக்குவார்கள். அந்தக் கட்டங்களுக்கு நடுவே உள்ள கோடு 2009இல் முள்ளிவாய்க்கால் வரை நீண்டது என்பதைச் சொல்வதில்லை.

சார்லஸ் பெற்றி தலைமையில் ஐ.நா. தன்னைத் தானே விசாரித்துக்கொண்டது. 2012 நவம்பரில் வெளிவந்த அந்த உள்ளக ஆய்வறிக்கை, நடந்தது அமைப்பு முழுவதன் தோல்வி என்று ஒப்புக்கொண்டது. அதில் இரண்டு செய்திகள் நம் வாதத்துக்கு முக்கியமானவை. விமர்சிக்கும் ஊழியர்களை மிரட்ட இலங்கை அரசு விசாவை ஆயுதமாகப் பயன்படுத்தியது என்று அறிக்கை பதிவு செய்தது. பொதுமக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்று கொழும்பில் இருந்த மூத்த அதிகாரிகள் பலர் நினைக்கவேயில்லை என்பது இன்னொன்று. பொதுமக்களின் உயிரிழப்புகளை எண்ணிக்கொண்டிருந்த ஊழியர்கள் அந்த அலுவலகத்திலேயே இருந்தார்கள். எண்கள் இருந்தன. வெளியே சொல்லத்தான் ஆள் இல்லை. 2009 மார்ச் 13 அன்று மனித உரிமை ஆணையர் நவநீதம் பிள்ளை, டர்பனில் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், ஜனவரி 20க்குப் பிறகு 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கலாம் என்று அறிவித்தார். அந்த எண்ணைச் சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுக்க முயன்றவர்கள் ஐ.நா.வின் உள்ளேயே இருந்தார்கள்.

நிரந்தரப் பணியில் இருந்தவர்கள் எல்லாரும் அங்கே துணிந்து பேசினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பேசவில்லை. பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டவர்களும் இருந்தார்கள், அனுசரித்துப் போவதே ராஜதந்திரம் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் அந்தத் தோல்விக்கு என்ன மருந்து? அரசுக்குப் பிடிக்காத எண்ணைச் சொன்னால் வேலை போகும் என்ற பயத்தைக் குறைப்பதா, கூட்டுவதா? ஆறு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவர், தன் மேலதிகாரியின் விருப்பத்துக்கு எதிராக, விசாவை ரத்துசெய்யக்கூடிய அரசுக்கு எதிராக, எண்ணை வெளியே சொல்வார் என்று நம்புகிறீர்களா? நெகிழ்வுத்தன்மையைப் புகழ்பவர்கள் இதற்கு நேரான பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து வரும் வாதம் கடுமையானது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பணிப் பாதுகாப்பு குற்றவாளிகளைக் காப்பாற்றுகிறது, அமைதிப்படைகளிலும் நிவாரணப் பணிகளிலும் பாலியல் கொடுமை செய்தவர்கள் தண்டனை இல்லாமல் தப்புகிறார்கள் என்பது அது. தப்புகிறார்கள் என்பது உண்மை, அது வெட்கக்கேடு. ஆனால் காரணம் பணிப் பாதுகாப்பா? காங்கோவில் 2018 முதல் 2020 வரை எபோலாவை எதிர்த்து நடந்த பணியில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் சுரண்டலைச் சுயேச்சையான ஆணையம் ஒன்று விசாரித்து 2021 செப்டம்பரில் அறிக்கை தந்தது. குற்றம் சாட்டப்பட்ட 83 பேரில் 21 பேர் உலக சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்கள் என்றது ஆணையம். வேலை வாங்கித் தருகிறேன், வேலையில் நீடிக்க வைக்கிறேன் என்பதே அவர்கள் பெண்களிடம் காட்டிய தூண்டில். அவசரத்தில் எடுக்கப்பட்ட, சட்டென்று முடிந்துபோகக்கூடிய, ஒரு மனிதரின் தயவில் தொங்கும் வேலைகள் குவிந்த இடத்தில்தான் அந்தச் சுரண்டல் நடந்தது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் பிரெஞ்சுப் படையினர் சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியது பற்றிய ஐ.நா.வின் உள் அறிக்கையை 2014இல் பிரெஞ்சு அதிகாரிகளிடம் கொடுத்தவர் ஆண்டர்ஸ் கோம்பாஸ், ஜெனீவாவில் மனித உரிமை அலுவலகத்தின் மூத்த அதிகாரி. அதற்காக 2015 ஏப்ரலில் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். அடுத்த மாதமே அந்தப் பணிநீக்கத்தை நிறுத்திவைத்தது, விமர்சகர்கள் வெறுக்கும் அதே தீர்ப்பாயம். ஆண்டு முடிவில் சுயேச்சையான குழு ஒன்று அவர்மேல் தவறில்லை என்றது. ஆக, உண்மை சொன்னவரைக் காத்தது தீர்ப்பாயம். தீர்ப்பாயம் இல்லாத சீர்திருத்தத்தில் அவர் ஏப்ரலிலேயே மூட்டை கட்டியிருப்பார்.

சம்பளம் பற்றி நிறையப் பேச வேண்டியதில்லை. 1921இல் நோபிள்மேர் குழு போட்ட விதி எளிமையானது. எல்லா நாட்டவரும் ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் பெற வேண்டும், அதிகச் சம்பளம் கொடுக்கும் நாட்டின் அரசு ஊழியரும் வரத் தயங்கக் கூடாது. எனவே உலகிலேயே அதிகம் கொடுக்கும் அரசுப் பணியோடு ஒப்பிட்டே சம்பளம் நிர்ணயிக்கப்படும். அன்று அது பிரிட்டன், இன்று அமெரிக்கக் கூட்டாட்சி அரசு. அதற்கு மேல் 10 முதல் 20 சதவீதம் வரை என்று பொதுச்சபை வரம்பு வைத்திருக்கிறது. இந்த விதி ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் வெள்ளைக்காரரோடு ஒரே மேசையில் ஒரே சம்பளத்துக்கு உட்காரவைத்தது. அதைக் குறைத்தால் நஷ்டம் பணக்கார நாட்டு ஊழியருக்கு இல்லை, அவருடைய அரசு வேறு வழியில் ஈடுகட்டிக்கொள்ளும். அப்போது அவர் யாருக்கு விசுவாசமாக இருப்பார் என்பதுதான் 100ஆம் பிரிவின் கேள்வி. சம்பளத்தைப் பற்றி ஆத்திரப்பட வேண்டுமானால் கீழிருந்து தொடங்குங்கள். ஐ.நா. தலைமைச் செயலகம் பயிற்சியாளர்களுக்கு ஒரு காசும் தருவதில்லை. 2015இல் ஜெனீவாவில் சம்பளமில்லாத பயிற்சியாளர் ஒருவர் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியது உலகச் செய்தியானது. உலக சுகாதார நிறுவனம் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது 2020இல்தான். ஜெனீவாவில் மாதக்கணக்கில் சொந்தக் காசில் தங்க முடிந்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்தக் கதவு திறந்திருக்கிறது. தேனியிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ ஒரு பெண் அங்கே போய்ச் சேர என்ன வழி?

நாட்டுப் பங்கு திறமையை விழுங்கிவிட்டது என்ற குற்றச்சாட்டுக்கும் இதே நிலைதான். சாசனத்தின் 101ஆம் பிரிவு திறமை, ஆற்றல், நேர்மையை முதலிலும், பரந்த புவியியல் அடிப்படையை அடுத்தும் வைக்கிறது. எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் என்ற கணக்கு தலைமைச் செயலகத்தின் ஊழியர்களில் சுமார் பத்தில் ஒரு பங்கினருக்கு மட்டுமே பொருந்துகிறது. அந்தக் கணக்கிலும் நாடு கட்டும் சந்தாவுக்கு 55 சதவீத எடை, உறுப்பினராக இருப்பதற்கு 40 சதவீதம், மக்கள்தொகைக்கு வெறும் 5 சதவீதம். ஏழை நாடுகள் கூட்டம் கூட்டமாக உள்ளே வந்து தரத்தைக் குறைத்துவிட்டன என்று பேசுபவர் இந்த எண்களைப் பார்த்ததே இல்லை.

பங்கு பிரிப்பின் உண்மையான கொடுமை மேல்மாடியில் நடக்கிறது, அங்கே யாரும் திறமையைப் பற்றிப் பேசுவதில்லை. யுனிசெஃப் 1946இல் தொடங்கிய காலம் முதல் அதன் தலைவர்கள் அனைவரும் அமெரிக்கர்கள். உலக வங்கியின் தலைவர் பதவியும் அப்படியே. சர்வதேச நாணய நிதியத்துக்கு எப்போதும் ஐரோப்பியர். அமைதிப்படைத் துறையின் தலைமை 1997 முதல் பிரான்ஸிடம், மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2007 முதல் பிரிட்டனிடம். மூத்த பதவி எந்த நாட்டின் தனிச்சொத்தும் ஆகக் கூடாது என்று பொதுச்சபை 1992இலேயே 46/232 எண் தீர்மானத்தில் சொல்லியிருக்கிறது. சோம்பேறி எழுத்தரைப் பற்றித் தலையங்கம் எழுதுபவர்கள் இந்தத் தீர்மானத்தைப் பற்றியும் ஒன்று எழுதலாம்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. 120 நாளில் ஆள் எடுக்க வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டு அதை அடைய முடியாமல் தடுமாறுகிறார்கள். வருடாந்தர மதிப்பீட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் நல்ல மதிப்பெண் போடுகிறார்கள், அதனால் நன்றாக உழைப்பவருக்கும் மதிப்பில்லை. இவற்றைச் சரிசெய்ய வேண்டும். மேலாளர்களுக்கு நேர்மையாக மதிப்பிடப் பயிற்சி கொடுங்கள், மதிப்பீட்டை எதிர்த்து முறையிடும் வழியை வேகமாக்குங்கள். வேலை செய்யாதவரை உரிய விசாரணைக்குப் பின் நீக்கும் அதிகாரம் இப்போதும் இருக்கிறது, பயன்படுத்துங்கள். இதில் ஒன்றுக்கும் நிரந்தரப் பணியை ஒழிக்க வேண்டிய தேவையில்லை. உண்மையைச் சொன்னால், ஒழிப்பு ஏற்கெனவே வெகுதூரம் நடந்துவிட்டது. 2009இல் ஒப்பந்த வகைகளைச் சீரமைத்தபோது புதிதாக வருபவர்களுக்குப் பழைய நிரந்தர நியமனம் மூடப்பட்டது, பல ஆண்டுச் சேவைக்குப் பின் மட்டுமே எட்டக்கூடிய தொடர் நியமனம் அதன் இடத்துக்கு வந்தது. ஐ.நா.வின் கூட்டு ஆய்வுப் பிரிவு 2014இல் எண்ணிப் பார்த்தபோது, ஐ.நா. குடும்பத்தின் மொத்தப் பணியாளர்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஊழியர் என்ற தகுதியே இல்லாத ஆலோசகர்கள், தனி ஒப்பந்தக்காரர்கள் போன்றோர்தான். விமர்சகர்கள் கேட்கும் நெகிழ்வு இத்தனை ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. அது கொண்டுவருவதாகச் சொன்ன சுறுசுறுப்பு எங்கே?

குறுகிய ஒப்பந்தங்கள் இப்படிப் பெருகியதற்குக் காரணம் ஊழியர்களின் சோம்பல் அல்ல, பணம் வரும் விதம். உலக சுகாதார நிறுவனத்தின் வரவுசெலவில் உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போயிருந்தது. மீதி நன்கொடை, அதில் பெரும்பகுதி இந்த நோய்க்கு, இந்த நாட்டுக்கு, இத்தனை ஆண்டுக்கு என்று முத்திரை குத்தப்பட்டது. இரண்டு ஆண்டுக்கு வரும் பணத்தில் இருபது ஆண்டு ஊழியரை வைக்க முடியாது, அதனால் குறுகிய ஒப்பந்தம். 2022இல் உறுப்பு நாடுகள் இதை உணர்ந்து, சந்தாவை அடிப்படைத் திட்டச் செலவில் பாதிவரை படிப்படியாக உயர்த்த ஒப்புக்கொண்டன. நான் அறிந்தவரை இந்தத் துறையில் நடந்த உண்மையான மனிதவளச் சீர்திருத்தம் அதுதான், யாரும் அதை அந்தப் பெயரில் அழைக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகல் அறிவித்ததும் 2026–27க்கான உத்தேச வரவுசெலவு 530 கோடி டாலரிலிருந்து 420 கோடிக்கு இறங்கியது, ஆட்குறைப்பு தொடங்கியது. ஒரு தலைநகரில் போட்ட ஒரு கையெழுத்து ஜெனீவாவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை உலுக்க முடிகிறது என்றால், அந்த அமைப்பில் ஊழியரின் பாதுகாப்பு அதிகமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜோசே புஸ்தானி என்ற பிரேசில் ராஜதந்திரியின் வழக்கைச் சர்வதேச நிறுவனங்களின் மனிதவள மேலாண்மைத் தாளின் முதல் வகுப்பிலேயே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இரசாயன ஆயுதத் தடை அமைப்பின் முதல் தலைமை இயக்குநர் அவர். 2000இல் ஒருமனதாக மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இராக்கை இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார். போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த வாஷிங்டனுக்கு அது பிடிக்கவில்லை. 2002 ஏப்ரலில் சிறப்பு மாநாட்டைக் கூட்டி, 48க்கு 7 என்ற வாக்கில், 43 நாடுகள் ஒதுங்கி நிற்க, அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2003 ஜூலையில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயம் அந்த நீக்கம் சட்டவிரோதம் என்று அறிவித்தது. தலைமை இயக்குநரும் ஒரு சர்வதேச ஊழியரே, காலம் முடியும் முன் உறுப்பு நாடுகள் நினைத்த நேரத்தில் அவரை நீக்க முடியுமானால் எந்த அமைப்பின் சுதந்திரமும் மிஞ்சாது என்பது அதன் வாதம். தீர்ப்பு வந்தபோது பாக்தாத் விழுந்து மூன்று மாதமாகியிருந்தது. மாணவர்கள் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படிக்கட்டும். பிறகு குறுகிய ஒப்பந்தத்தின் நன்மைகள் என்ற பத்து மதிப்பெண் கேள்விக்கு அவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்போம்.